பைப் சரி, ஜாயின்ட்?
எண்ணெய் வயல்களில் இரும்புக் குழாய்க்குப் பதிலாகக் கண்ணாடி இழை–எப்பாக்சி (இறுகிக் கெட்டியாகும் பிசின்) குழாய் வருவதைப் பற்றிய கட்டுரை நன்று. துருப்பிடிக்காது, எடையும் இரும்பில் கால்வாசிதான் என்பதெல்லாம் சரி. ஆனால் ஜாயின்ட் பற்றி ஒரு வரிகூட இல்லையே! எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கமிருந்து வளைகுடா போய் இந்த வேலை பார்த்தவன் நான். குழாய் முனையைச் சரிவாகச் சீவி, தூசி துடைத்து, பசை கலந்து பூசிச் செருகி, வெப்பப் போர்வை சுற்றி இறுக விட வேண்டும். சீவிய இடத்தில் வியர்வைக் கை பட்டாலே பிடிப்பு கெட்டுவிடும். வெல்டிங் என்றால் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடலாம். பசைக்குள் இருக்கும் குறை அவ்வளவு லேசில் சிக்காது. தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றிப் பார்த்த பிறகுதான் எல்லாருக்கும் மூச்சே வரும்.

அப்புறம், ஸ்பானர் கைதவறி விழுந்தால் இரும்பில் சொட்டை தெரியும். இதில் வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே அடுக்கு பிரிந்திருக்கலாம். இருந்தாலும் கடல்நீர் லைனுக்கு நான் இந்தக் குழாயைத்தான் சொல்வேன், அதில் மாற்றமில்லை. இந்தக் குழாய்களுக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 14692, ஜாயின்ட் போடுகிறவருக்கும் தகுதிச் சோதனை கேட்கிறது. நம் பக்கத்து ஐடிஐகளில் வெல்டிங்கோடு இந்த ஜாயின்ட் வேலையையும் சொல்லிக்கொடுத்தால், வளைகுடா போகிற பையன்கள் ஹெல்ப்பராகவே நிற்க வேண்டியதில்லை.