அச்சடித்த பெயர் ஒன்று, ஓட்டுகிற ஆள் வேறொருவர்

போன மாதம் ஸ்பீட்வே பைக் பந்தயம் பார்க்க வெளியூர் ட்ராக் ஒன்றுக்குப் போயிருந்தேன். கிளப் பெயர் வேண்டாம். அவர்கள் மட்டும் செய்கிற காரியமும் இல்லை இது. வாசலில் ப்ரோக்ராம் புத்தகம் வாங்கி, பேனாவைக் காதில் செருகிக்கொண்டு, இரண்டாவது வளைவு நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றேன். ஒலிபெருக்கியில் ஆள் மாற்றங்களை வாசிக்க ஆரம்பித்தார்கள். ஒன்றாம் எண்காரருக்கு அடிபட்டிருக்கிறது, பதிலுக்கு கெஸ்ட், அதாவது அன்றைக்கு மட்டும் வேறு கிளப்பிலிருந்து கடன் வாங்கிய ஆள். மூன்றாம் எண்காரருக்கு அதே சாயங்காலம் இன்னொரு கிளப்புக்கு ஓட்டவேண்டியிருக்கிறது, அவருக்கும் கெஸ்ட். ஐந்தாம் எண்காரருக்குத் தோள்பட்டை. அவர் இடத்தில் ஆளே இல்லை, அவர் ஓட்டங்களை அணியில் மற்றவர்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள்.

பக்கத்தில் நின்ற பெரியவர் சட்டைப்பையிலிருந்து ஆறு அங்குல ஸ்கேல் ஒன்றை எடுத்தார். அச்சடித்த பெயர்களை ஒவ்வொன்றாக நேர்கோட்டில் அடித்து, மேலே பொடி எழுத்தில் புதுப் பெயரை எழுதினார். ஸ்கேல் எதற்கு என்று கேட்டேன். "முன்பெல்லாம் ஒரு கோடுதான் போட வேண்டியிருக்கும், கையாலேயே போட்டுவிடுவேன்" என்றார். வந்திருந்த கெஸ்ட்களில் ஒருவர் பத்து நாள் முன்னால்தான் எங்கள் அணிக்கு கெஸ்டாக ஓட்டினார். அன்றைக்குக் கத்திக் கத்தித் தொண்டை கட்டியது. இன்றைக்கு அதே ஆள் முதல் வளைவில் எங்கள் பையனை வேலிப் பக்கம் ஒதுக்கித் தள்ளிவிட்டு முன்னே போகிறார். அவரைக் குறை சொல்ல முடியுமா? அவர் வேலையை அவர் செய்கிறார்.

ஸ்பீட்வே தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். 500 சிசி, ஒற்றை சிலிண்டர், மெத்தனாலில் ஓடும் பைக். பிரேக் கிடையாது. ஓடும்போது மாற்ற கியரும் கிடையாது. நாடா மேலே எகிறியதும் நான்கு பேர் ஒன்றாகக் கிளம்பி, நீள்வட்ட மண் ட்ராக்கில் இடப்பக்கமாகவே திரும்பித் திரும்பி நான்கு சுற்று. ஏறத்தாழ ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். முதலில் வருபவருக்கு 3, அடுத்து 2, அடுத்து 1, கடைசிக்குப் பூஜ்யம். லீக் பந்தயத்தில் ஒரு அணியிலிருந்து இரண்டு பேர், மற்ற அணியிலிருந்து இரண்டு பேர். இப்படி 15 ஹீட், மொத்தம் 90 புள்ளி. மான்செஸ்டரில் குடியேறிய புதிதில் ஆபீஸ் நண்பர் ஒருவர் திங்கட்கிழமை சாயங்காலம் அந்த ஊர் கிளப்பான பெல் வியூவுக்கு இழுத்துக்கொண்டு போனார். வளைவில் பின்சக்கரம் வாரியிறைத்த மண் என் டீ கப்பில் விழுந்தது. அன்றைக்கு ஒட்டிக்கொண்டது இன்னும் விடவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த விளையாட்டில் எனக்கு இருக்கிற ஒரே சண்டை இதுதான்: யார் ஓட்டலாம், யார் ஓட்டக்கூடாது என்பதை யார் முடிவு செய்கிறார்கள், எப்போது முடிவு செய்கிறார்கள்?

பிரிட்டன் லீக்கை எடுத்துக்கொள்வோம். லைசென்ஸ், நடுவர் எல்லாம் ஸ்பீட்வே கண்ட்ரோல் பீரோவின் பொறுப்பு. ஆனால் லீக்கை நடத்துகிற அமைப்பு ப்ரொமோட்டர்களுடையது. ப்ரொமோட்டர் என்றால் கிளப் முதலாளி. சீசன் முடிந்ததும் இவர்களே கூடி உட்கார்ந்து, அடுத்த வருஷ அணி எப்படி இருக்கவேண்டும் என்று தீர்மானிக்கிறார்கள். பந்தயத்தில் ஜெயிக்கவேண்டியவர்களே பந்தயத்தின் விதியையும் எழுதுகிறார்கள். ஊர்க் கபடிப் போட்டியில்கூட அணித் தலைவர்கள் கையில் விசிலைக் கொடுக்கமாட்டோம்.

அவர்கள் கையில் இருக்கிற பெரிய ஆயுதம் சராசரி. ஒரு ரைடர் எடுத்த புள்ளிகளை அவர் ஓட்டிய ஹீட்களால் வகுத்து நான்கால் பெருக்க வேண்டும். 20 ஹீட்டில் 40 புள்ளி என்றால் சராசரி 8.00. தன் அணிக்காரருக்குப் பின்னால் அடுத்ததாக வந்தால் கிடைக்கும் போனஸ் புள்ளியும் இதில் சேரும். அணியில் உள்ளவர்களின் சராசரிகளைக் கூட்டினால் ஒரு வரம்பைத் தாண்டக்கூடாது. அந்த வரம்பு எவ்வளவு என்பதைத்தான் வருஷா வருஷம் அந்தக் கூட்டத்தில் முடிவு செய்கிறார்கள். ஒரு பேச்சுக்கு 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்னப் பையன் ஒருவனை 3.00 சராசரியில் கொண்டுவந்து, இரண்டு வருஷம் பொறுமையாக வளர்த்து, அவன் 6.00-க்கு வந்துவிட்டால் என்ன ஆகும்? அணி 43 ஆகிவிடும். யாரையாவது வெளியே அனுப்பவேண்டும். பல நேரம் போவது அந்தப் பையனேதான்! நன்றாக ஓட்டியதற்குத் தண்டனை.

வரம்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் பணக்கார கிளப் ஒன்று நல்லவர்களையெல்லாம் வாங்கிப்போட்டு லீக்கையே கொன்றுவிடும். என் குறை வேறு. வரம்பு இரண்டு புள்ளி ஏறினால் எந்த கிளப்புக்கு லாபம், இறங்கினால் யாருக்கு லாபம் என்று அந்த அறையில் உட்கார்ந்திருக்கிற எல்லாருக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் கை தூக்குகிறார்கள். பிரிட்டனில் இதுவரை ஓட்டாத வெளிநாட்டு ரைடருக்கு ஒரு மதிப்பிட்ட சராசரியைக் கொடுப்பார்கள் பாருங்கள், அந்த எண்ணுக்காக ரசிகர்கள் நடுவே நடக்கிற சண்டையைப் பார்த்தால் வரதட்சணைப் பேச்சு தோற்றது.

இரண்டு கிளப்புக்கு ஓட்டுகிற வழக்கத்தைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். மேல் லீக்கில் திங்கட்கிழமை ஒரு கிளப், கீழ் லீக்கில் வெள்ளிக்கிழமை இன்னொரு கிளப். ரைடருக்கு இரண்டு சம்பளம் வேண்டும். பைக், இன்ஜின் சர்வீஸ், வேன், மெக்கானிக் எல்லாம் அவர் கைக்காசு. கிளப்புக்கும் ஆள் பஞ்சம். ட்ராக்குகளே ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன. 2023 சீசனோடு பீட்டர்பரோவும் போயிற்று, உல்வர்ஹாம்ப்டனின் மான்மோர் க்ரீனும் போயிற்று. இந்த நிலைமையில் ஓர் ஆளை ஒரே கிளப்போடு கட்டிப்போட்டால் பாதிப் பேர் தொழிலை விட்டுப் போய்விடுவார்கள் என்று ப்ரொமோட்டர்கள் சொல்வதை நான் நம்புகிறேன். ஆனால் அதற்கான விலையைக் கொடுப்பது ஸ்கேலோடு நிற்கிற அந்தப் பெரியவர். அடிபட்டவருக்கு கெஸ்ட் என்றால் புரிகிறது. நாலு மாசம் முன்னாலேயே இரண்டு கிளப்பும் ஒரே தேதியில் பந்தயம் போட்டுவிட்டு, பிறகு கெஸ்ட் கேட்பது சோம்பேறித்தனம்.

உலகப் போட்டிக்கு வந்தால் நிலைமை மேல் என்று சிலர் சொல்கிறார்கள். மேல்தான், கொஞ்சம். 1995-இல் கிராண்ட் பிரீ வருவதற்கு முன்னால் ஒரே ராத்திரியில் உலக சாம்பியனைத் தீர்மானித்தார்கள். இப்போது சீசன் முழுக்கச் சுற்றுகள், நிரந்தர இடம் 15. உதாரணத்துக்கு 2024-ஐ எடுத்துக்கொண்டால், முந்தைய வருஷம் முதல் ஆறு இடம் பிடித்தவர்கள், சேலஞ்ச் என்கிற தகுதிச் சுற்றிலிருந்து நான்கு பேர், ஐரோப்பிய சாம்பியன். மிச்சம் நான்கு இடத்துக்கு ஒரு குழு உட்கார்ந்து ஆள் பொறுக்கும். அந்த நான்கில்தான் தலைவலி. அடிபட்டு சீசனை இழந்த பெரிய ரைடருக்கு ஓர் இடம் என்றால் நியாயம். எந்த நாட்டில் டிவி விற்கும், எந்த ஊரில் டிக்கெட் போகும் என்று பார்த்துக் கொடுத்தால் அதற்குப் பெயர் தகுதி இல்லை.

பிரேடி கர்ட்ஸ் எங்கள் பெல் வியூ ஆள், ஆகவே எனக்குப் பாரபட்சம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். அவர் 2025 கிராண்ட் பிரீக்குள் வந்தது சேலஞ்ச் வழியாக. யார் தயவும் இல்லாமல், ஓட்டித் தகுதி பெற்று. வந்த வருஷமே தொடர்ந்து ஐந்து சுற்று வென்று, கடைசியில் போலந்தின் பார்டோஷ் ஸ்மார்ஸ்லிக்கிடம் ஒரே ஒரு புள்ளியில் உலகப் பட்டத்தை விட்டார். ஒரு புள்ளி! இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை நான். சேலஞ்சுக்கு நான்கு இடம் போதாது, ஆறு வேண்டும் என்று நான் கத்துவது இதனால்தான்.

"முதல் எட்டு பேருக்கு அடுத்த வருஷமும் இடம்" என்று இருந்த காலத்தில் நடந்த கூத்து ஒன்று உண்டு. 2016, போலந்தில் டோருன். பட்டத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்த கிரெக் ஹான்காக் ஒரு ஹீட்டில் கிறிஸ் ஹோல்டரை முன்னே போகவிட்டார் என்று நடுவருக்குப் பட்டது. ஹோல்டருக்கு அந்த முதல் எட்டில் நிற்கப் புள்ளி தேவை. இருவரும் அந்த வருஷம் போலந்து லீக்கில் ஒரே கிளப். ஹான்காக்கை அந்த ஹீட்டிலிருந்து நீக்கினார்கள். கோபித்துக்கொண்டு அவர் மிச்சப் பந்தயத்தையும் ஓட்டாமல் போய்விட்டார். பிறகு மெல்போர்னில், 46 வயதில், நான்காவது உலகப் பட்டத்தையும் வாங்கினார். அவர் செய்தது தப்பு. ஆனால் போட்டியில் எதிரெதிரே நிற்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஒரே அணியில் சம்பளம் வாங்குகிற ஏற்பாட்டை உண்டாக்கியது யார்? வேலியில் ஓட்டையை விட்டுவிட்டு ஆட்டைத் திட்டுகிறோம்.

இதற்கு நேர்மாறாக ஒன்று. 2023 செப்டம்பர், டென்மார்க்கில் வொயன்ஸ். தகுதி ஓட்டத்தில் ஸ்மார்ஸ்லிக் அங்கீகரித்த உடையை விட்டுவிட்டு வேறு ரேஸ் உடையைப் போட்டுக்கொண்டு ட்ராக்குக்குள் வந்துவிட்டார். அந்தச் சுற்றிலிருந்தே நீக்கம்! பட்டம் கையில் வரப்போகிற நேரம். ஒரு சட்டைக்காகவா என்று ஊரே கொதித்தது, என் வாட்ஸப்பும் கொதித்தது. நான் மட்டும் சரி என்றேன், திட்டு வாங்கினேன். விதி அபத்தமாக இருக்கலாம், தண்டனை ரொம்ப அதிகமாகவும் இருக்கலாம். ஆனால் சீசனுக்கு முன்னாலேயே எழுதி வைத்தது, எல்லாருக்கும் ஒன்று, நடப்பு சாம்பியன் என்று பார்க்கவில்லை. (அடுத்த சுற்றில் டோருனில் அவரே பட்டத்தை எடுத்துக்கொண்டார், அது வேறு கதை.) கடுமையான விதியோடு எனக்குப் பகை இல்லை. ஆள் பார்த்து வளைகிற விதியோடுதான்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு லகுத்தா விஷயத்தைச் சொல்லாமல் போனால் கோழை என்பீர்கள். ஆர்த்தெம் லகுத்தா 2021-இல் ஸ்மார்ஸ்லிக்கைத் தாண்டி உலக சாம்பியன் ஆனார். அந்தப் பட்டத்தை வாங்கிய முதல் ரஷ்யர். மூன்றாம் இடத்தில் எமில் சைஃபுத்தினோவ், அவரும் ரஷ்யர். 2022 மார்ச்சில், உக்ரைன் மீது போர் தொடங்கிய சில நாளில், உலக மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பு ரஷ்ய, பெலாரஸ் ரைடர்களை நிறுத்திவைத்தது. போலந்து லீக்கும் கதவைச் சாத்தியது. உலக சாம்பியன் பட்டத்தைக் காக்க வண்டியே ஏறவில்லை. அந்த நேரத்தில் அந்த முடிவைத் தவறென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

குழப்பம் அதற்கப்புறம். இருவருக்கும் போலந்துக் குடியுரிமை உண்டு. 2023-இலிருந்து போலந்து லைசென்ஸோடு அந்த நாட்டு மேல் லீக்கான எக்ஸ்ட்ராலிகாவில் ஓட்டலாம் என்று விட்டார்கள். லகுத்தா வ்ரோட்ஸ்வாஃபுக்கு, சைஃபுத்தினோவ் டோருனுக்கு. ஞாயிற்றுக்கிழமை லீக்கில் ஸ்மார்ஸ்லிக்கும் லகுத்தாவும் பக்கத்துப் பக்கத்துக் கேட்டில் நிற்கலாம். சனிக்கிழமை கிராண்ட் பிரீயில் நிற்கக்கூடாது. 2022-இலிருந்து 2025 வரை நான்கு வருஷம் இருவரும் உலகப் போட்டியில் இல்லை. இதே போலந்து, நார்வேயில் பிறந்த ரூனே ஹோல்டாவுக்குக் குடியுரிமை கொடுத்துத் தேசிய அணியிலேயே ஓட்டவிட்ட நாடு. ஜேசன் கிரம்ப் பிறந்தது இங்கிலாந்தின் பிரிஸ்டலில், மூன்று உலகப் பட்டமும் ஆஸ்திரேலியாவுக்கு. இந்த விளையாட்டு பிறந்த ஊரை என்றைக்குமே பெரிதாகப் பார்த்ததில்லை.

ஹோல்டா வந்த நாடு அண்டை நாட்டின் மேல் குண்டு போடவில்லையே என்று பதில் வரும். நியாயமான பதில். அப்படியென்றால் இரண்டு கதவையும் மூடுங்கள். கிளப்புக்குப் புள்ளி எடுத்துக் கொடுக்கிறபோது போலந்துக்காரர், தனக்காகப் பட்டம் கேட்கிறபோது ரஷ்யர் என்றால், அது கொள்கை இல்லை, கணக்கு. என் பக்கம் என்ன என்று கேட்டால்: பாஸ்போர்ட்டும் லைசென்ஸும் கொடுத்த பிறகு ஓட்டவிடவேண்டும். எத்தனை வருஷம் காத்திருக்கவேண்டும் என்று வேண்டுமானால் ஒரு காலக்கெடு வையுங்கள், அதை எழுதிவையுங்கள். 1930-இல் பிரிட்டனில் பெண்கள் ஓட்டக்கூடாது என்று தீர்மானம் போட்டு, ஆண்களை ஓட்டித் தோற்கடித்துக்கொண்டிருந்த ஃபே டெய்லரை வெளியே அனுப்பினார்கள். காரணம் வேறு, காலம் வேறு, ஒப்பிடக்கூடாதுதான். ஆனாலும் மேலே உட்கார்ந்து ஒரு கையெழுத்தில் ஆளை வெளியே வைத்துவிட்டால் மறுபடி உள்ளே வர வழி எது என்பது அன்றைக்கும் எழுதியிருக்கவில்லை.

பெல் வியூவில் என் பக்கத்தில் நிற்கிற நண்பர் போலந்துக்காரர், லாரி ஓட்டுகிறார். இந்த விஷயத்தில் என்னோடு ஒத்துப்போகமாட்டார். 2022-இல் லூப்ளினில் இருக்கும் அவர் அம்மா வீட்டில் உக்ரைன் குடும்பம் ஒன்று ஏழு மாதம் தங்கியிருந்தது. "நீ சொல்வது சட்டம். எனக்கு அந்தப் பேரைக் கேட்டாலே என்னவோ செய்கிறது" என்பார். நான் வாயை மூடிக்கொள்வேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டில் எக்ஸ்ட்ராலிகா பார்ப்போம். அவருக்கும் புள்ளி எழுதுகிற பழக்கம் உண்டு, கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டு ஒன்று வைத்திருக்கிறார். எல்லா ரைடருக்கும் பெயர் எழுதுவார். லகுத்தா இருக்கிற வரிசையில் மட்டும் எண்ணை எழுதி, பெயர் இடத்தைக் காலியாக விட்டுவிடுவார். ஆனால் ஹீட் முடிந்ததும் கட்டத்தில் 3 போடுவார். ஒரு தடவைகூட அதைக் குறைத்துப் போட்டு நான் பார்த்ததில்லை.