மூன்று கணினி என்றால் மும்மடங்கு ஆயுள் அல்ல

"மூன்று கணினிகளை வைத்துப் பெரும்பான்மை வாக்கெடுத்தால் (மூன்றும் ஒரே கணக்கைச் செய்ய, இரண்டாவது ஒத்துப்போகும் விடையை ஏற்றால்) அமைப்பு மூன்று மடங்கு காலம் உழைக்கும்" என்று நினைப்பது தவறு. பழுதுபார்ப்பு இல்லையென்றால் ஆயுள் குறையவே செய்யும்.

ஒரு கணினியின் பழுது வீதம் மணிக்கு 0.0001 என்றால் சராசரி ஆயுள் 10,000 மணி. மூன்றில் இரண்டு ஒத்துப்போக வேண்டிய அமைப்புக்கோ 5/6 பங்கு, ஏறக்குறைய 8,333 மணிதான். முதல் பழுதுக்குப் பின் மீதமுள்ள இரண்டில் எது போனாலும் கதை முடிந்தது. ஆனால் 10 மணி நேரப் பணியில் தோல்வி வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றிலிருந்து பத்து லட்சத்தில் மூன்றாகக் குறைகிறது. குறுகிய பணிக்குத்தான் இந்த ஏற்பாடு. சுமார் 6,930 மணியைத் தாண்டினால் ஒற்றைக் கணினியே மேல்.

பழுதான கணினியைச் சராசரியாக 10 மணி நேரத்தில் பழுதுபார்க்க முடிந்தால் ஆயுள் சுமார் 16.75 லட்சம் மணி. அங்கேயும் கவனம் வேண்டும்: முதல் பழுதுகளில் வெறும் 1% தனிமைப்படாமல் முழு அமைப்பையும் வீழ்த்தினால், அது 2.8 லட்சமாகச் சரிந்துவிடும். பலர் தங்கள் கணித மாதிரியில் விட்டுவிடுவது இதைத்தான்.

இவையெல்லாம் பழுது வீதம் மாறாது என்ற அனுமானத்தில் வந்தவை. பாகங்கள் தேய்ந்து வீதம் ஏறினால் சாதாரண மார்கோவ் சங்கிலி (அடுத்த நிலை இப்போதைய நிலையை மட்டுமே பொறுத்தது என்று கொள்ளும் கணித மாதிரி) போதாது. புதிதாக மாற்றிய பாகத்தின் வயதைத் தனியாகக் கணக்கில் வைக்க வேண்டும்.