மாஃபியா மியூசியமும் ஒரு எஃப்.பி.ஐ. பெண்மணியும்

அமெரிக்க மாஃபியாவின் கதையைச் சொல்லும் லாஸ் வேகாஸ் மாப் மியூசியம் என்றாலே ஆஸ்கர் குட்மேன் பேச்சுதான். டோனி ஸ்பிலோட்ரோ போன்ற தாதாக்களுக்காக வாதாடிய வக்கீல், பிறகு அந்த ஊருக்கே மேயர். மியூசியம் அவர் யோசனைதான், மறுக்கவில்லை. ஆனால் அதன் நிர்வாகக் குழுவுக்குத் தலைமை வகித்த எலன் நோல்டனைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை? அமெரிக்க மத்தியப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ.யின் லாஸ் வேகாஸ் அலுவலகத்துக்கே தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர்.

ரிட்டயர்டு அதிகாரிக்குக் கொடுத்த அலங்காரப் பதவி என்று சிலர் சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தாதாக்களின் வக்கீல் தாதாக்களுக்கு மியூசியம் கட்டுகிறேன் என்றால் ஊர் சும்மா இருக்குமா? இத்தாலிய அமெரிக்கர்கள் எதிர்த்தார்கள். கொலைகாரர்களுக்குப் புகழ் மாலையா என்று கேட்டார்கள். துப்பறிந்தவர்கள் தரப்பும் உள்ளே வந்ததால்தான் அது நிஜ மியூசியம் ஆனது. அந்தத் தரப்பின் முகம் நோல்டன்.

இதில் என்னை அதிகம் யோசிக்க வைப்பது எஃப்.பி.ஐ.யின் நெடுநாள் தலைவர் எட்கர் ஹூவர். 1924-ல் பொறுப்புக்கு வந்த ஒரே மாதத்தில் அலாஸ்கா டேவிட்சன் என்ற பெண் ஏஜென்டிடம் ராஜினாமா கேட்டு வாங்கினார். 1928-க்குப் பிறகு, 1972-ல் அவர் சாகும்வரை ஒரு பெண் ஏஜென்ட்கூட இல்லை. அவர் போன பிறகுதான் கதவு திறந்தது. முதலில் நுழைந்த இருவரில் ஒருவர் முன்னாள் கன்னியாஸ்திரி, இன்னொருவர் கடற்படைக் காலாட்படையில் இருந்தவர். இதே ஹூவர்தான் நாடு தழுவிய மாஃபியா என்று ஒன்று கிடையவே கிடையாது என்று வருஷக்கணக்கில் சாதித்தார். 1957-ல் நியூயார்க் மாநிலத்தின் அப்பலாச்சினில் ஒரு வீட்டில் கூடியிருந்த தாதாக்களைப் போலீஸ் மடக்கிய பிறகு அந்தப் பேச்சு எடுபடவில்லை.

பெண்கள் வேண்டாம், மாஃபியா இல்லை. இரண்டையும் சொன்னவரின் துறையிலிருந்து வந்த ஒரு பெண், மாஃபியா கதையைச் சொல்லும் மியூசியத்துக்குத் தலைமை வகித்திருக்கிறார். ஹூவர் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

குறையும் உண்டு. 1929-ல் தாதாக்களின் பகையில் நடந்த காதலர் தினப் படுகொலையில் ஏழு பேரை நிறுத்திச் சுட்டுத் தள்ளிய சிகாகோ சுவரின் செங்கற்கள் அங்கே இருக்கின்றன. திறப்பு விழாவையும் 2012 பிப்ரவரி 14-ல்தான் வைத்தார்கள். அப்புறம் 2018-ல் அடித்தளத்தில் மதுவிலக்குக் கால பாணியில் ஒரு பார் வேறு. வியாபாரம் புரிகிறது, ரசிக்க முடியவில்லை.

ஆனால் கட்டடம் அருமையான தேர்வு. 1933-ல் திறந்த ஃபெடரல் நீதிமன்றம் அது. குற்றக் கும்பல்களைப் பற்றி விசாரித்த செனட்டர் கெஃபாவரின் குழு 1950 நவம்பர் 15 அன்று அங்கேதான் விசாரணை நடத்தியது. யாராவது அந்தப் பக்கம் போனால் கூட்டம் மொய்க்கும் செங்கல் சுவரை அப்புறம் பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் இரண்டாம் தளத்து நீதிமன்ற அறைக்குப் போங்கள்.