"நல்லாருக்கு தம்பி" என்றால் நம்பிவிடாதீர்கள்

செயலியைப் பயன்படுத்த வருகிறதா என்று சோதிக்க, அதைச் செய்தவரே திருநெல்வேலிப் பக்கம் முக்கூடலுக்குப் போய், பீடி சுற்றும் பெண்களிடம் போனை நீட்டி "எப்படி இருக்குக்கா?" என்று கேட்டால், "நல்லாருக்கு தம்பி" என்றுதான் பதில் வரும். வீடு தேடி வந்த பிள்ளை முகம் வாடிவிடக் கூடாதே என்ற நினைப்பு அது. அதைப் போய் ஆய்வு முடிவு என்று எழுதி வைக்கிறார்கள்.

இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். பெங்களூருவில் 450 பேரிடம் நடத்திய ஆய்வு 2012-இல் வெளிவந்தது. கேட்க வந்தவரே செய்தது என்று நம்பிய பொருளை மக்கள் இரண்டரை மடங்கு அதிகமாகத் தேர்ந்தெடுத்தார்கள். வந்தவர் மொழிபெயர்ப்பாளரோடு வந்த வெளிநாட்டுக்காரர் என்றால் ஐந்து மடங்கு!

கருத்துக் கேட்காமல் வேலை கொடுங்கள். "இந்த வாரக் கூலி எவ்வளவு வரணும்னு இதுல பாருங்கக்கா." அதோடு வாயை மூடிக்கொள்ளுங்கள். அவர்கள் திணறினால் மனசுக்குள் இருபது எண்ணுங்கள். உங்கள் கை உதவிக்குப் பரபரக்கும் இடம் எதுவோ, கோளாறும் அங்கேதான், குறித்துக்கொள்ளுங்கள்.

முகத்தை விட்டுவிட்டு விரலைக் கவனியுங்கள். இலை மடக்கி மடக்கிக் காய்த்துப்போன நுனி, அதன்மேல் புகையிலைத் தூள். தொட்டது பதியாததால் அழுத்திப் பிடிப்பார்கள். ஏறக்குறைய அரை விநாடி ஆனதும் ஆண்ட்ராய்டு அதை நீண்ட அழுத்தலாக எடுத்துக்கொண்டு வேறு எதையாவது திறக்கும். "எதையோ கெடுத்துட்டேன் போல" என்று போன் திரும்பி வந்துவிடும். பொத்தானைப் பெரிதாக்கினால் மட்டும் இது தீராது. நீண்ட அழுத்தலுக்கும் சாதாரணத் தொடுதலின் வேலையையே கொடுக்க வேண்டும்.

நினைப்பதை வாய்விட்டுச் சொல்லச் சொல்வது பாடப்புத்தக முறை. புது ஆள் முன்னால் தனியாகப் பேச யாருக்கும் கூசும். பக்கத்து வீட்டுக்காரியையும் சேர்த்து உட்கார வையுங்கள். "ஏட்டி, அத அமுக்காத, இத அமுக்கு" என்று பேச்சு தானாக வரும்.

இப்படிச் சோதிக்க ஐந்து பேர் போதும் என்பார்கள். 1993-இல் நீல்சன், லாண்டவர் என்ற இரு ஆய்வாளர்கள் போட்ட கணக்கு அது: ஒருவர் சராசரியாக 31 சதவீதக் கோளாறைக் காட்டினால், ஐந்து பேரில் ஏறக்குறைய 85 சதவீதம் வெளிப்படும். ஆனால் அந்த ஐந்து பேரும் ஒரே மாதிரி ஆட்களாக இருக்க வேண்டும். பாளையங்கோட்டைக் கல்லூரிப் பிள்ளைகள் ஐந்து பேர் செய்து காட்டியதை வைத்து முக்கூடலுக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான். ஒரு மணி நேரம் உங்களோடு உட்கார்ந்தால் தட்டில் அவ்வளவு பீடி குறையும். எத்தனை குறையும் என்று அவர்களிடமே கேட்டு, பணத்தை முதலிலேயே கொடுத்துவிடுங்கள். பாதியில் எழுந்து போனாலும் அது அவர்களுக்குத்தான் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கடைக்குப் பீடி கொண்டு போகும் நேரத்தில் மட்டும் போய் நிற்காதீர்கள்.