"இது உன் சிலுவை"ன்னு அடுத்தவங்களுக்குச் சொல்ல நாம யாரு?

ரொம்ப நாளா மனசுல கிடக்குற விஷயம், இன்னைக்கு எழுதிடறேன். நீளமாத்தான் வரும், பொறுத்துக்கோங்க.

எங்க கடலூர் பக்கம் ஒரு கிறிஸ்தவ வீட்டுல யாருக்காவது பெரிய வியாதி வந்துட்டா பாக்க வர்றவங்க ரெண்டுல ஒண்ணு சொல்லிட்டுப் போவாங்க. ஒண்ணு, "ஆண்டவர் சித்தம், ஏத்துக்கோம்மா, அழாத". இன்னொண்ணு, "விசுவாசம் இருந்தா கண்டிப்பா சுகம் கிடைக்கும்". பாக்க ரெண்டும் வேற வேற மாதிரி இருக்கும், ஆனா படுத்துக் கிடக்குறவங்க அதுக்கு அப்புறம் வாயே திறக்க முடியாது. வலிக்குதுன்னு சொன்னா கீழ்ப்படிதல் இல்ல, பயமா இருக்குன்னு சொன்னா விசுவாசம் இல்ல.

துன்பத்தை ஆண்டவர் கையில ஒப்புக்கொடுக்கறதை நான் முழுசா நம்பறேன். அது இல்லாம நம்ம விசுவாசமே இல்ல. ஆனா "ஏத்துக்கறேன்"னு சொல்ல வேண்டியது கஷ்டப்படறவங்க, அதுவும் ஆண்டவர்கிட்ட, அவங்களுக்குச் சொல்ல வரும்போது. பக்கத்துல நிக்கறவங்க அதை அவங்க வாயில திணிக்கக் கூடாது.

இயேசு பிடிபடறதுக்கு முன்னாடி ராத்திரி செபம் பண்ண கெத்சமனி தோட்டத்தைப் பாருங்க. "உம் விருப்பப்படியே ஆகட்டும்"ங்கறதை மட்டும் நாம எடுத்துக்கறோம், அதுக்கு முன்னாடி இந்தத் துன்பக் கிண்ணம் என்னைவிட்டுப் போகட்டும்னு கேட்டாரே, அதை விட்டுடறோம். ஒரு தடவை இல்ல, திரும்பத் திரும்பப் போய் கேட்டாருன்னு மத்தேயுவும் மாற்குவும் எழுதறாங்க. பைபிள்ல எபிரேயர் நிருபம் 5ஆம் அதிகாரத்துல இன்னும் வெளிப்படையா இருக்கு, உரத்த குரலெடுத்து கண்ணீர் விட்டு மன்றாடினாரு, துன்பங்கள் வழியாத்தான் கீழ்ப்படிதலைக் கத்துக்கிட்டாருன்னு. இறைமகனே கத்தி அழுதுதான் அங்க போய்ச் சேர்ந்தாருன்னா, பேரன் பேத்தி எடுத்த ஒரு அம்மாவை ஆஸ்பத்திரி கட்டில்ல அழாதன்னு சொல்றதுக்கு நமக்கு எங்கிருந்து தைரியம் வருது?

மாதாவும் வானதூதர்கிட்ட "இது எப்படி ஆகும்"னு கேட்டுட்டுத்தான் "நான் ஆண்டவரின் அடிமை"ன்னு சொன்னாங்க. திருத்தூதர் பவுல் தன் உடம்புல தைச்ச முள்ளை எடுத்துடுன்னு மூணு தடவை கேட்டாரு, முள் போகல, "என் அருள் உனக்குப் போதும்"னு பதில் வந்துச்சு, ஆனா ஏன் கேட்டன்னு ஆண்டவர் திட்டல. திருப்பாடல் (சங்கீதம்) 88ஐ எடுத்துப் படிங்க, முடிவுல ஆறுதலா ஒரு வரிகூட கிடையாது, இருட்டுலேயே முடியும். அதைத் திருச்சபை ஒதுக்கி வைக்கல, குருக்களும் சிஸ்டருங்களும் வெள்ளிக்கிழமை ராத்திரி செபத்துல அதைத்தான் சொல்றாங்க.

எங்க அத்தைக்கு கிட்னி ரெண்டும் போச்சு. டயாலிசிஸுக்காக விடியறதுக்கு முன்னாடி கிளம்பி பாண்டிக்கு பஸ் ஏறி போய்ட்டு வந்து, அன்னைக்கு முழுக்க எழுந்திருக்க முடியாம கிடப்பாங்க. அப்படிக் கிடந்த ஒரு நாள் வீட்டுக்கு வந்து செபம் பண்ணவங்க, போகும்போது வாசல்ல நின்னு, ஏதாவது அறிக்கை பண்ணாத பாவம் இருக்கான்னு யோசிச்சுப் பாருங்கன்னு சொல்லிட்டுப் போய்ட்டாங்க. அன்னைக்கு ராத்திரி பூரா அத்தை தூங்கல, சின்ன வயசுல செஞ்சதெல்லாம் யோசிச்சு யோசிச்சு அழுதாங்க. எனக்கு வந்த கோவம் இன்னும் அடங்கல. பிறவிக் குருடனைக் காட்டி யாரு செஞ்ச பாவம்னு சீடருங்க கேட்டப்போ, இவன் செஞ்ச பாவமும் இல்ல, இவன் அப்பா அம்மா செஞ்சதும் இல்லன்னு இயேசு நேராவே சொல்லிட்டாரு. சீலோவாம்ல கோபுரம் இடிஞ்சு செத்த 18 பேரும் மத்தவங்களைவிடப் பெரிய குற்றவாளிங்கன்னு நினைக்காதீங்கன்னும் சொன்னாரு. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், நம்ம கடலூர் மாவட்டத்துல மட்டும் 600 பேருக்கு மேல கடல் கொண்டு போச்சு, தேவனாம்பட்டினத்துலயும் சோனாங்குப்பத்துலயும் பிள்ளைங்களைப் பறிகொடுத்தவங்க இன்னும் நம்ம நடுவுலதான் இருக்காங்க. அதைப் பாவத்துக்குத் தண்டனைன்னு பேசறவங்க அந்தத் தெருவுல போய் நின்னு பேசுவாங்களா?

இதைவிடக் கொடுமை ஒண்ணு இருக்கு. புருஷன் குடிச்சிட்டு வந்து அடிக்கறான், அந்தப் பொண்ணு முகம் வீங்கிப் போய் கோயிலுக்கு வருது, அதுகிட்ட "இது ஆண்டவர் உனக்குக் கொடுத்த சிலுவை, பொறுமையா சுமந்துக்கோ"ன்னு அறிவுரை சொல்றாங்க. யாரு கொடுத்தது? ஆண்டவரா கொடுத்தாரு? குடிகாரன் கொடுத்தது அது. குழந்தை இயேசுவை ஏரோது ராஜா கொல்ல வர்றான்னு தெரிஞ்சதும் சூசையப்பர் குழந்தையையும் தாயையும் கூட்டிக்கிட்டு ராத்திரியோட ராத்திரியா எகிப்துக்குப் போனாரு, போகச் சொன்னதே ஆண்டவரோட தூதர்தான், அங்க கீழ்ப்படிதல்னா தப்பிச்சுப் போறதுதான். இயேசு மேல கல்லெறிய வந்தப்போ அவரு நின்னு அடி வாங்கிக்கல, மறைஞ்சு வெளியே போய்ட்டாரு. ஒரு ஊர்ல துன்புறுத்தினா வேற ஊருக்கு ஓடிப்போங்கன்னு சீடருங்களுக்கும் சொன்னாரு. கடைசியில சிலுவையை ஏத்துக்கிட்டது, என் உயிரை யாரும் எங்கிட்டேர்ந்து பறிக்கல, நானாத்தான் கொடுக்கறேன்னு சொல்லி. அந்தப் பொண்ணு அடி வாங்கறது அது மாதிரியா? அதுகிட்ட சிலுவைன்னு சொல்றவங்க அடிக்கறவன் பக்கம் நிக்கறாங்க, அவ்ளோதான்.

இரண்டாம் ஜான் பால் பாப்பரசர் 1984 பிப்ரவரி 11, லூர்து மாதா திருநாள் அன்னைக்கு, துன்பத்தைப் பத்தி ஒரு திருமடல் எழுதினாரு. அவரே 1981ல துப்பாக்கிக் குண்டு வாங்கிப் பிழைச்சவரு. நம்ம துன்பத்தைக் கிறிஸ்துவோட துன்பத்தோட சேர்த்து ஒப்புக்கொடுக்கறதைப் பத்தி அதுல ரொம்ப ஆழமா சொல்றாரு, ஆனா முடிக்கப் போற நேரத்துல எங்க வந்து நிக்கறாருன்னா, வழியில அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிட்டுப் போய்க் காப்பாத்தின நல்ல சமாரியன் கதையில. துன்பப்படறவனுக்கு அவன் துன்பத்தாலயும் நன்மை செய்ய முடியும், பாக்கறவன் அவனுக்கு நன்மை செஞ்சே ஆகணும், ரெண்டையும் சேர்த்துத்தான் சொல்றாரு. நாம முதல் பாதியை மட்டும் எடுத்து நோயாளி தலையில வெச்சிட்டு வந்துடறோம், நம்ம பாதியைத் தொடறதே இல்ல. பைபிள்ல பிள்ளைங்க, சொத்து, உடம்புன்னு எல்லாத்தையும் இழந்த யோபுவோட நண்பருங்க ஏழு நாள் சும்மா கூட உக்காந்திருந்தாங்களே, அது நல்லாத்தான் இருந்துச்சு. வாய் திறந்து விளக்கம் சொன்னதுக்குத்தான் கடைசியில ஆண்டவர் கோவப்பட்டாரு.

கெத்சமனியில இயேசு சீடருங்ககிட்ட கேட்டது என்ன? என்னோட விழிச்சிருங்கன்னுதான்.

எங்க அன்பியத்துல (பக்கத்துப் பக்கத்து கத்தோலிக்கக் குடும்பங்க சேர்ந்து செபம் பண்ற குழு) அடுத்த கூட்டத்துல நான் இதைப் பேசப் போறேன். செபமாலை முடிஞ்சதும் ஒரு நோட்டு எடுத்து, யாரால எந்த நாள்ல நோயாளிங்க கூட ஆஸ்பத்திரிக்குப் போய் வர முடியும், யாருகிட்ட வண்டி இருக்கு, யாரு ஒரு வேளை கஞ்சி வெச்சுக் கொடுப்பாங்கன்னு எழுதி வாங்கணும். அத்தை மட்டும் இல்ல, எங்க தெருவுலேயே இன்னும் ரெண்டு வீட்டுல டயாலிசிஸ் போய்க்கிட்டிருக்கு. கடலூர் ஓ.டி. (பழைய டவுன்), மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர்ல இருக்கறவங்க காலையில பாண்டி பக்கம் கார்ல போறவங்களா இருந்தா இன்பாக்ஸ்ல வாங்க, எந்த சபையா இருந்தாலும் பரவால்ல.