ஹார்மோன் மாத்திரை மூட்டுவலியை "வயசாயிருச்சு" என்று தள்ளிவிடாதீர்கள்

மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து வீடு திரும்பிய பெண்ணைப் பார்த்து ஊரே "கண்டம் தாண்டியாச்சு" என்கிறது. அதற்கப்புறம் தினமும் ஒரு சின்ன மாத்திரை, ஐந்து வருடத்துக்கு, சிலருக்கு அதற்கு மேலும், பாக்கி இருக்கிறது என்பது யார் கண்ணிலும் படுவதில்லை. நான் லெட்ரோசோல் என்ற அந்த மாத்திரையைச் சாப்பிடுகிறவள். அந்த மாத்திரை மூட்டுகளை என்ன பாடு படுத்துகிறது என்று காரைக்குடிப் பக்கம் யாரும் வாய் திறந்து பேசிக் கேட்டதில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

மாதவிடாய் நின்ற பிறகும் பெண்ணுடம்பில் கொஞ்சம் ஈஸ்ட்ரோஜன் உண்டாகிக்கொண்டுதான் இருக்கும். கொழுப்பிலும் தசையிலும் இருக்கிற அரோமடேஸ் என்ற நொதியின் வேலை அது. ஹார்மோனால் வளர்கிற வகைப் புற்றுநோய் என்றால் அந்தக் கொஞ்சமும் ஆகாது. லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல், எக்செமெஸ்டேன் மூன்றும் அந்த நொதியை அடைத்துவிடுகின்றன. நோய்க்குத் தீனி நிற்கிறது. கூடவே எலும்பும் மூட்டும் அடி வாங்குகின்றன. இதைச் சாப்பிடுகிற பெண்களில் பாதிப் பேர் வரைக்கும் மூட்டுவலியோ பிடிப்போ வருகிறது, பெரும்பாலும் முதல் சில மாதங்களிலேயே. அதை வாயுப்பிடிப்பு என்பதும், வயசு என்பதும் அந்தப் பெண்ணுக்குச் செய்கிற அநியாயம்.

விடியற்காலையில் விரல்கள் மடங்காது. மடங்கினால் ஒரு விரல் அப்படியே மாட்டிக்கொள்ளும், மற்றக் கையால் இழுத்து நிமிர்த்த வேண்டும். கை மரத்துப்போகும். உட்கார்ந்து எழுந்தால் முதல் சில அடிகளுக்கு முழங்காலும் கணுக்காலும் நம்முடையவையாகவே இருக்காது. எங்கள் ஊர் வாழ்க்கையோ தரையோடு ஒட்டியது. அரிவாள்மனையில் உட்கார்ந்து காய் நறுக்குவது, நடுவீட்டுக் கோலம் போடுவது, விசேஷத்துக்குத் தேன்குழல் பிழிவது, ஓலைக் கொட்டான் முடைவது, பந்தியில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டு எழுவது, முகப்புப் படிகளில் ஏறி இறங்குவது. இத்தனை வருடமாக யோசிக்காமல் செய்த ஒவ்வொன்றையும் இப்போது யோசித்துச் செய்ய வேண்டியிருக்கிறது. மார்கழியில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வெறுங்காலை வைத்தால் சில்லிப்பு முழங்கால் வரைக்கும் ஏறுகிறது. வீட்டுக்குள் நடக்க மெத்தென்ற செருப்பு வாங்கினேன். வீட்டுக்குள் செருப்பா என்று முகம் சுளித்தவர்களுக்கு நான் பதில் சொல்லவில்லை, செருப்பையும் கழற்றவில்லை.

வலியைவிட எனக்கு அதிகம் வருத்தம் தருவது அதைச் சுற்றி இருக்கிற மௌனம்தான். மதுரைக்கோ திருச்சிக்கோ சென்னைக்கோ செக்கப்புக்குப் போனால், டாக்டர் எதிரே இருக்கிற நாற்காலியில் மகன் உட்கார்ந்து பேசுகிறான். "அம்மா நல்லா இருக்காங்க டாக்டர், ரிப்போர்ட் எல்லாம் நார்மல்." அம்மா பக்கத்தில் தலையாட்டுகிறாள். பாவம், மகன் லீவு போட்டு வந்திருக்கிறான், காத்திருக்கிற கூட்டமும் பெரிது. கைவலியை எல்லாம் ஒரு விஷயம் என்று சொல்ல அவளுக்குக் கூச்சம். வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருந்தால் இன்னும் மோசம். நோயையே வெளியில் சொல்லாத குடும்பத்தில் மாத்திரையின் வலியை எப்படிச் சொல்வது? "மூட்டுவலிக்குப் பார்த்துட்டு வர்றோம்" என்று உறவுக்காரர்களிடம் சொல்லிச் சொல்லி, கடைசியில் அந்த வீட்டுக்காரர்களே அதை நம்பிவிடுகிறார்கள்.

தேவகோட்டையில் ஒரு கல்யாண வீட்டில் என்னைவிட இளையவள் ஒருத்தி, நான் விரல்களைத் தேய்த்துவிட்டுக்கொள்வதைப் பார்த்துப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஆச்சி, நீங்களும் அந்த மாத்திரையா?" அவள் மாத்திரையை நிறுத்திச் சில மாதம் ஆகியிருந்தது. கை லேசாகிவிட்டது என்று சந்தோஷமாகச் சொன்னாள். டாக்டருக்கும் தெரியாது, புருஷனுக்கும் தெரியாது. மாதாமாதம் அவர் வாங்கி வருகிற அட்டை அலமாரியில் சேர்ந்துகொண்டிருக்கிறது. அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மாத்திரையை விட்டதும் வலி குறைவது உண்மைதான். ஆனால் நோய் திரும்பாமல் காக்கிற வேலையும் அதோடு தடைப்படுகிறது. உலகம் முழுக்க ஏராளமான பெண்கள் இதைப் பாதியில் விடுவதற்கு மூட்டுவலி ஒரு முக்கியக் காரணம். "வலி தாங்க முடியலையா?" என்று அவளை யாராவது ஒருமுறை கேட்டிருந்தால் போதும்.

கேட்டால் செய்வதற்கு வழிகள் இருக்கின்றன. மூன்று மாத்திரைகளில் ஒன்று ஒத்துக்கொள்ளாத பலருக்கு இன்னொன்று ஒத்துக்கொள்கிறது. சில வாரம் இடைவெளி விட்டு மாற்றித் தருவார்கள், சிலருக்கு டமாக்சிஃபென் என்ற வேறு வகை ஹார்மோன் மாத்திரையைத் தருவார்கள். அதை முடிவு செய்ய வேண்டியது டாக்டர்தான். துலாக்செடின் என்ற மருந்தும், அக்குபஞ்சரும் இந்த வலியைக் குறைப்பதாக 2018-ல் வெளியான ஆய்வுகள் காட்டின. எல்லாருக்கும் உதவும் என்றில்லை. வைட்டமின் டி குறைவா, தைராய்டா, உண்மையிலேயே முடக்குவாதம் போன்ற மூட்டுநோய் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். எலும்பு தேய்வதால் அதன் அடர்த்தியை அளக்கிற டெக்ஸா ஸ்கேனும் தேவை.

எல்லாவற்றையும்விட நான் நம்புவது நடையைத்தான். யேல் பல்கலைக்கழகத்தார் தலைமையில், இதே வகை மாத்திரையால் மூட்டுவலி வந்த 121 பெண்களை வைத்து ஒரு வருடம் ஆய்வு செய்து 2015-ல் வெளியிட்டார்கள். ஒரு பாதிப் பேருக்கு வாரத்தில் இரண்டு நாள் எடைப் பயிற்சியும், வாரத்துக்கு 150 நிமிடம் வேகநடை போன்ற பயிற்சியும் கொடுத்தார்கள். அவர்களுடைய கடும் வலி 29 சதவீதம் குறைந்தது. மற்றவர்களுக்குக் குறையவே இல்லை.

தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாகப் பழனிக்குக் காவடியோடு நடந்தே போகிற மக்கள் நாம். நடையின் அருமை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படிப்பட்ட வீட்டில்தான் "உனக்கு உடம்பு சரியில்லை, அசையாம உட்காரு" என்று ஒரு பெண்ணை ஊஞ்சலில் உட்கார வைக்கிறோம். பாசத்தால் செய்கிறார்கள், தெரியும். உட்கார உட்காரத்தான் மூட்டு இறுகுகிறது. வெயில் காலத்தில் வெளியே போக முடியாது, சரி. வீட்டு முற்றமான வளவுக்குள்ளேயே தூண்களைச் சுற்றி நடக்கலாம், முகப்பிலிருந்து பின்கட்டு வரை போய் வரலாம். அவ்வளவு பெரிய வீடுகளைப் பூட்டி வைத்திருப்பதற்கு இது எவ்வளவோ மேல். தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குவதில் கைப்பயிற்சியைத் தொடங்கலாம். எழுந்ததும் வெந்நீரில் கையை வைத்து மூடி மூடித் திறந்த பிறகே நான் அடுப்படிக்குப் போகிறேன். முதல் வாரங்களில் நடந்தால் வலி கூடுகிற மாதிரி இருக்கும். மெதுவாகக் கூட்டிக்கொண்டு போனால் பழகிவிடும்.

மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரையை நீங்களாகவே வாங்கி மாதக்கணக்கில் விழுங்காதீர்கள், வயிறும் சிறுநீரகமும் கெடும். மூட்டுவலிக்கு என்று விற்கிற பெயர் தெரியாத பொடிகளும் வேண்டாம். அப்படிப்பட்டவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்தது பலமுறை பிடிபட்டிருக்கிறது. ஒரே இடத்தில் எலும்புக்குள் குடைகிற வலி, ராத்திரியில் எழுப்புகிற வலி, புதிதாக வந்த முதுகுவலி என்றால் அடுத்த செக்கப் வரைக்கும் காத்திருக்காமல் உடனே போய்க் காட்டுங்கள்.

அம்மாவையோ ஆச்சியையோ அழைத்துப் போகிற பிள்ளைகளே, டாக்டர் எதிரே இருக்கிற நாற்காலியில் அவரை உட்கார வையுங்கள். முதல் நாளே கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எந்தெந்த மூட்டு, காலையில் பிடிப்பு விட எவ்வளவு நேரம், எந்த வேலையைச் செய்ய முடியவில்லை. "கொஞ்சம் வலி" என்று சொன்னால் அது காதில் நிற்காது. "ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறக்க முடியலை, ஜாக்கெட் கொக்கி மாட்ட முடியலை, பாதி நாள் மாத்திரையைப் போடலை" என்று அவர் வாயாலேயே சொல்லட்டும்.