செமினரிக்குப் போகிற பிள்ளைகளுக்கு ஒரு டீச்சர் எழுதுவது

இந்த ஜூனில் எங்கள் பக்கத்துச் சபைகளிலிருந்து இரண்டு பையன்களும் ஒரு பெண் பிள்ளையும் இறையியல் படிக்கப் போகிறார்கள். ஒருவன் மதுரை அரசரடிக்கு, இன்னொருவன் திருவனந்தபுரம் கண்ணம்மூலைக்கு, பெண் பிள்ளை பெங்களூருக்கு. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் முன்னால் நிறுத்தி ஜெபித்தார்கள், சால்வை போட்டார்கள், ஆளுக்கொரு விளக்கவுரை வேதாகமமும் கொடுத்தார்கள். அறிவுரைக்கும் பஞ்சமில்லை. தினமும் முழங்காலில் நில்லு, பிரசங்கத்தை மூணு பாயிண்டாகப் பிரிச்சுக்கோ, பேராய (பல சபைகள் சேர்ந்த திருச்சபை வட்டாரம்) அரசியலில் தலையிடாதே. எல்லாம் சரிதான். பள்ளிக்கூடத்தில் அறிவுரை சொல்லியே சம்பளம் வாங்கியவள் நான். எனக்கும் வாய் சும்மா இருக்கவில்லை. துட்டி வீட்டுக்கு, அதாவது சாவு வீட்டுக்கு, போகப் படிச்சுக்கோங்க என்றேன்.

சிரித்தார்கள். "டீச்சர், அதுக்குத்தான் ஆராதனை முறைமைப் புத்தகம் இருக்கே" என்றான் ஒருவன். இருக்கிறது. ஆனால் அந்தப் புத்தகத்துக்கு வேலை வருவது பெட்டியைத் தூக்கும் நேரத்தில்தான். அதற்கு முன்னால் ஒரு ராத்திரியும் ஒரு பகலும் கிடக்கிறதே, மகன் துபாயிலிருந்து வர வேண்டிய வீடென்றால் மூன்று நாள்கூட ஆகிறதே, அந்த நேரத்தில் என்ன செய்வது என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் எங்கள் ஊரைப் பற்றி. தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கிற பனச்சமூட்டில் சந்தைக்குப் போனால் நாலு எட்டு வைப்பதற்குள் மாநிலம் மாறிவிடும். 1956 நவம்பர் 1 அன்று எங்கள் விளவங்கோடு தாலுகா அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. 1959இல் பேராயமும் கன்னியாகுமரி, தென்கேரளம் என்று இரண்டானது. சொந்தபந்தத்தை யாரும் பிரிக்கவில்லை. அத்தை வெள்ளறடையில், மாமா அருமனையில், மருமகள் பாறசாலைக்காரி. ஒரே குடும்பத்தில் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), கத்தோலிக்கர், இரட்சணிய சேனை, பெந்தெகொஸ்தே, மலங்கரை எல்லாம் இருக்கும். பெண் எடுத்த வகையில் இந்துக்களும் உண்டு. கல்யாணத்துக்குக்கூடச் சிலர் வராமல் இருந்துவிடுவார்கள். சாவுக்கு அத்தனை பேரும் வந்துவிடுவார்கள். உங்கள் சபை மக்கள் மொத்தமும், உங்கள் சபையில் இல்லாத மக்களும், ஒரே முற்றத்தில் உங்களைப் பார்க்கப்போவது அங்கேதான்.

சில வருஷங்களுக்கு முன் விடுமுறைப் பயிற்சிக்கு ஒரு தம்பி எங்கள் சபைக்கு வந்திருந்தான். பிரசங்கம் சுமார்தான், மைக்கைப் பிடித்தால் கை நடுங்கும். அந்த மே மாதத்தில் எங்கள் வீட்டுக்கு மேலே, ரப்பர் விளைக்குள், அதாவது தோட்டத்துக்குள், இருக்கிற வீட்டில் ஒரு பாட்டி இறந்துபோனார். ஆலய வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளை துக்க மணி அடித்து முடிப்பதற்குள் இவன் அங்கே நின்றான். ஜெபிக்கவில்லை, பைபிளைத் திறக்கவில்லை. பந்தல்காரன் இறக்கிய நாற்காலிகளை இரண்டிரண்டாக மேட்டில் சுமந்தான். ஃபிரீசர் பெட்டிக்கு வயர் எட்டவில்லை என்றதும் பக்கத்து வீட்டில் எக்ஸ்டென்ஷன் வாங்கி வந்தான். அப்புறம் மூத்த மகன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, பாட்டியின் பெயரைக் கேட்டு ஒரு துண்டுப் பேப்பரில் எழுதிக்கொண்டான். ஞானஸ்நானப் பெயர் ஒன்று, ரேஷன் கார்டில் ஒன்று, ஊர் கூப்பிடுகிற பெயர் ஒன்று. மூன்றையும் எழுதினான். எந்த மகள் எங்கே கட்டிக்கொடுக்கப்பட்டவள், பேரப்பிள்ளைகளில் யாருக்குத் தமிழ் வாசிக்க வராது, எல்லாம் அதே பேப்பரில்.

மறுநாள் ஆராதனையில் ஆயர் அந்தப் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசினார். நெய்யாற்றின்கரையிலிருந்து வந்த தங்கச்சிக்கு எங்கள் பிரசங்கத் தமிழ் முழுதாகப் பிடிபடாது என்று அதில் இருந்ததால், ஒரு சங்கீதத்தை மலையாளத்தில் வாசிக்க அவருடைய மகளையே கூப்பிட்டார்கள். அதுவரை மூலையில் அந்நியமாக உட்கார்ந்திருந்த அந்த அம்மா அப்போதுதான் வாய்விட்டு அழுதார். அந்தத் தம்பியின் பிரசங்கம் ஒன்றுகூட எனக்கு ஞாபகமில்லை. அந்த வீட்டில் இன்றைக்கும் அவனைக் கேட்பார்கள்.

இதற்கு நேர்மாறாகவும் பார்த்திருக்கிறேன். எந்தச் சபை என்று சொல்லமாட்டேன். பெட்டி பக்கத்தில் நின்றுகொண்டு, இறந்தவருடைய சந்தா பாக்கியை நாசூக்காக ஞாபகப்படுத்தினார் ஒருவர். வேறொருவருக்குச் சுற்றி நின்ற இந்து அயலார்களைக் கண்டதும் சுவிசேஷக் கூட்ட ஞாபகம் வந்துவிட்டது. நரகத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் பிடித்துவிட்டார். ராத்திரி முழுக்கக் கண்விழித்துக் கட்டன் சாயா போட்டு வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தவர்கள் அந்த அயலார்கள்தான். இனி அந்த முற்றத்துக்கு அவர்கள் எந்த முகத்தோடு வருவார்கள்? அடக்க ஆராதனையில் செய்தி பத்து நிமிஷம் போதும் மக்கா. அதிலும் பாதி இறந்தவரைப் பற்றி இருக்கட்டும். யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் அவனோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசவில்லை என்று யோபு 2:13 சொல்கிறது. அதுவரைக்கும் அவர்கள் மேல் யாருக்கும் குறையில்லை. வாயைத் திறந்த பிறகுதான் வம்பு.

பெங்களூருக்குப் போகிற பிள்ளைக்குத் தனியாக ஒரு விஷயம். "பெண் பிள்ளைக்கு எதுக்கு இந்தப் படிப்பு, படிச்சுட்டு எந்தச் சபையில் நிறுத்துவாங்க" என்று உன் காது படவே பேசினார்கள். சி.எஸ்.ஐ.யில் பெண்கள் குருப்பட்டம் பெறத் தொடங்கிப் பல வருஷம் ஆகிறது. 2013இல் ஆந்திராவின் நந்தியால் பேராயத்துக்குப் புஷ்பலலிதா அம்மா பேராயராகவே வந்துவிட்டார். பேசுகிறவர்கள் பேசட்டும். ஆனால் ஒன்று கவனி. இறந்தது ஒரு பெண் என்றால், குளிப்பாட்டி உடுத்துகிற அறைக்குள் ஆண் போதகர் போக முடியாது. கதவைச் சாத்திவிடுவார்கள். ஒரு மரணவீட்டில் அதிகம் உடைந்துபோகிறவர்கள் அந்த அறைக்குள்தான் இருப்பார்கள்: மகள்கள், மருமகள்கள், கூடப் பிறந்தவர்கள். பல வருஷத்துச் சண்டை சில நேரம் அந்தத் தண்ணீர்ச் செம்போடு போகும், சில நேரம் அங்கேதான் புதிதாகப் பிடித்துக்கொள்ளும். சபையின் சார்பில் ஒருத்தி அங்கே நிற்க வேண்டும் என்று எனக்கு எத்தனையோ முறை தோன்றியிருக்கிறது. நீ நிற்கலாம்.

இதையெல்லாம் சொன்னதும், அப்போ படிப்பு எதுக்கு, நாற்காலி தூக்கினால் போதுமே என்று ஒரு அண்ணாச்சி கேட்டார். "அதிகம் படிச்சா விசுவாசம் போயிடும்" என்கிற கட்சி அவர். எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. ஒரு வீட்டில் ஒரு பிள்ளை தற்கொலை செய்துகொள்கிறது என்று வையுங்கள். எங்கள் பக்கமும் நடக்கிறதுதான், மூடி வைத்து என்ன பயன். உடனே சபைக் கமிட்டியில் ஒருவர் எழும்புவார்: கல்லறைத் தோட்டத்தில் இடம் கொடுக்கக் கூடாது, ஆலயத்துக்குள் கொண்டுவரக் கூடாது. அப்படியொரு எண்ணம் சும்மா வந்ததில்லை. 1662ஆம் ஆண்டு ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்தில், தன்னைத்தானே மாய்த்துக்கொண்டவர்களுக்கு அடக்க ஆராதனை முறைமையை வாசிக்கக் கூடாது என்ற குறிப்பே இருக்கிறது. கத்தோலிக்கச் சபையின் 1917 சட்டத்தொகுப்பிலும் அந்தத் தடை இருந்தது. 1983 தொகுப்பில் அதை எடுத்துவிட்டார்கள். ஏன் வைத்தார்கள், ஏன் எடுத்தார்கள், மனநோயைப் பற்றி இன்றைக்கு நமக்குத் தெரிவது அன்றைக்குத் தெரியுமா, வேதம் இதைப் பற்றி என்னதான் சொல்கிறது, இதெல்லாம் தெரிந்த ஆளால்தான் அந்த ராத்திரி பத்து மணிக்குக் கமிட்டி முன்னால் நிதானமாக நின்று பேச முடியும். வெறும் இரக்கம் இருக்கிற ஆள் ஐந்து நிமிஷத்தில் தோற்றுப்போவார். எபிரேயமும் கிரேக்கமும் சபை வரலாறும் கசந்தாலும் படியுங்கள். பரீட்சைக்கு முந்தின நாள் நோட்ஸ் மட்டும் பார்த்துப் பாஸ் பண்ணுகிற வித்தை அந்த ராத்திரிக்கு உதவாது.

வரலாறு என்றதும் இன்னொன்று. எங்கள் பக்கத்துச் சீர்திருத்தச் சபைகளின் கதையை ரிங்கல்தௌபே ஐயர், மீட் ஐயர் என்று வெள்ளைக்கார மிஷனரிகளின் பெயர்களாகவே சொல்லிப் பழகிவிட்டோம். ரிங்கல்தௌபே 1806இல் வந்தார். 1816இல் உடம்பு முடியாமல் புறப்பட்டபோது, சபைகளை மயிலாடி வேதமாணிக்கத்தின் பொறுப்பில் விட்டுவிட்டுப் போனார். மீட் ஐயர் வந்து சேர்ந்தது 1818இல். இடையில் கிடந்த அந்தக் காலத்தில் சாவு நின்றிருக்குமா? யார் போய் உட்கார்ந்திருப்பார்கள், யார் குழிக்கரையில் ஜெபித்திருப்பார்கள்? வேதமாணிக்கமும் அவரைப் போன்ற உள்ளூர் ஆட்களும்தான் என்று நினைக்கிறேன். வேறு யார் இருந்தார்கள்? அதனால் பட்டம் வாங்கித் திரும்பி வரும்போது, சைக்கிளில் வருகிற வயதான உபதேசியாரை, குருப்பட்டம் இல்லாத அந்த உள்ளூர் ஊழியரை, பார்த்து உதட்டைச் சுழிக்காதீர்கள். எந்த வீட்டில் எந்தச் சகோதரர்களுக்குப் பேச்சுவார்த்தை இல்லை, பெட்டியை யார் யார் சேர்ந்து தூக்கினால் பிரச்சினை வராது, சொந்த விளையிலேயே அடக்க நினைக்கிற குடும்பத்தில் அந்த விளைக்குக் கேஸ் நடக்கிறதா இல்லையா, எல்லாம் அவருக்குத் தெரியும். முதல் வருஷம் அவர் பின்னாலேயே நடங்கள்.

அடக்கம் முடிந்த பிறகுதான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஒரு வாரம் கூட்டம் இருக்கும். ஒரு மாதம் கழித்து யாரும் இருக்க மாட்டார்கள். அப்போது போங்கள். போகிற நேரத்தையும் பார்த்துப் போங்கள். ரப்பர் பால்வெட்டுக்காரர் விடியும் முன்பே தலையில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். மரத்தில் பால் நன்றாக ஓடுவது வெயில் ஏறும்வரைதான். அப்புறம் பால் எடுத்து, உறைய வைத்து, ஷீட் அடித்துவிட்டு அவர் வந்து படுக்கிற நேரத்தில்தான் நம் ஆட்கள் வீடு சந்திப்பு என்று போய்க் கதவைத் தட்டுகிறார்கள். அண்டியாபீஸுக்கு, அதாவது முந்திரி ஆலைக்கு, போகிற பெண்கள் திரும்ப இருட்டிவிடும், வந்ததும் அடுப்படி. அவர்களைப் பகல் பதினொரு மணிக்குத் தேடிவிட்டு, "இந்த வீட்டில் ஆள் இருப்பதே இல்லை" என்று ரிப்போர்ட் எழுதிய ஒரு பயிற்சி மாணவரை எனக்குத் தெரியும். ஆள் இல்லாமல் எங்கே போவார்கள்? நீங்கள் மழைக்காலத்தில் போங்கள். மழையென்றால் வெட்டு இருக்காது, வருமானமும் இருக்காது, பேச நேரம் நிறைய இருக்கும்.

மற்ற அறிவுரைகளுக்கு ஒவ்வொரு வரி போதும். ரசீது இல்லாமல் யாரிடமும் ஒரு ரூபாய் வாங்காதீர்கள். பேராயத் தேர்தல் சமயத்தில் யார் வீட்டிலும் விருந்து சாப்பிடாதீர்கள். கண்ணம்மூலைக்குப் போகிற தம்பி, மலையாளத்தைப் பேச்சோடு நிறுத்தாமல் எழுதவும் வாசிக்கவும் படித்துக்கொள். பிரசங்கம் வேண்டாம் என்று நான் சொன்னதாக யாரும் போய்ச் சொல்லிவிட வேண்டாம். நல்ல பிரசங்கத்துக்கு முன்வரிசையில் உட்காருகிறவள் நான்.

கடைசியாக, இது பெற்றோருக்கு. செமினரி திறக்க இன்னும் சில வாரம் இருக்கிறது. மூன்று பேரில் இரண்டு பேருக்கு டூவீலர் லைசென்ஸ் இல்லை என்று கேள்விப்பட்டேன். நடுராத்திரி போன் வந்தால் எங்கள் மேட்டுப்பாதைக்கு எந்த பஸ் வரும்? மார்த்தாண்டம் ஆர்.டி.ஓ. ஆபீஸில் எல்.எல்.ஆருக்காவது இப்போதே போட்டுவிடுங்கள். விளக்கவுரை வேதாகமம்தான் எல்லாரும் கொடுத்துவிட்டார்களே, ஹெல்மெட் நான் வாங்கித் தருகிறேன்.